புத்தகத் திருவிழாவுல நம்ம புத்தகத்தை வெச்சா காசு வருமா?

"சொந்தமா ஒரு புத்தகம் போட்டிருக்கேன், திருப்பூர் புத்தகத் திருவிழாவுல வெச்சா போட்ட காசு வருமா?"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். நேரா சொல்லிடறேன், வராதுங்க.

எங்க ஏரியா அண்ணன் ஒருத்தர் பனியன் கம்பெனியில ஓவர்லாக் டெய்லர். கவிதை எழுதுவார். தீபாவளி போனஸை எடுத்து 300 பிரதி அச்சடிச்சார். பிரதிக்கு 80 ரூபாய், மொத்தம் 24,000. புத்தக விலை 200. தனியா ஸ்டால் எடுத்தா வாடகைக்கே கட்டாது. அதனால தெரிஞ்ச பதிப்பாளர் ஸ்டால்ல ஓரமா வெச்சார். வாசகருக்கு வழக்கமான 10 சதவீதத் தள்ளுபடி, ஸ்டால்காரருக்கு 30 சதவீதம். அண்ணன் கைக்கு 120.

மொத்தமா வித்தது 23. கைக்கு வந்தது 2,760 ரூபாய். மீதி 277 புத்தகம் கட்டிலுக்கு அடியில. சாயங்காலம் ஸ்டாலுக்குப் போன நாள்ல அரை ஷிப்ட் கூலி போனது தனி.

பதிப்பகம் போட்டாலும் ராயல்டி பொதுவா 10 சதவீதம்தான், 200 ரூபாய்க்கு 20. ஆனா அச்சுச் செலவு அவங்க தலையில. ஜாப் ஒர்க்குக்கும் சொந்தமா எக்ஸ்போர்ட் பண்றதுக்கும் உள்ள வித்தியாசம்னு வெச்சுக்கோங்க.

அப்ப போகவே வேண்டாமா? நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா அந்த 23ல 17, அவர் ஸ்டால்ல உட்கார்ந்திருந்தப்ப வித்தது. அதுவும் பெரும்பாலும் ஞாயித்துக்கிழமை. நம்ம ஊர்ல சனிக்கிழமை வாரச் சம்பளம் இல்லையா, மறுநாள் குடும்பமா வர்றாங்க. வார நாள் பகல்ல வர்ற ஸ்கூல் பசங்க கையில 50 ரூபாய் இருந்தா பெருசு.

இன்னொரு விஷயம். நம்ம திருவிழா ஜனவரி கடைசியில, சென்னைப் புத்தகக் காட்சி முடிஞ்ச கையோட வருது. பெரிய பெரிய பேரெல்லாம் புதுசா அடுக்கியிருக்கும் (அங்க கவிதைக்கு யார் வருவா?). நமக்குன்னு இருக்கறது ஊர்தான். எம்.கோபாலகிருஷ்ணனோட 'மணல் கடிகை', சுப்ரபாரதிமணியனோட 'சாயத்திரை' மாதிரி நம்ம ஊரை எழுதின நாவல்களை ஆசையா எடுத்துப் புரட்டறவங்களை நானே பார்த்திருக்கேன். ரெண்டாவது ஞாயிறு அண்ணன் ஒரு அட்டையில "எழுதினவர் ஓவர்லாக் டெய்லர்"னு எழுதி வெச்சார். அன்னைக்கு மட்டும் 11 போச்சு.

அதுல ஒண்ணை வாங்கினது அவர் கம்பெனியிலயே செக்கிங்ல இருக்கற ஒரு அக்கா. "ஏனுங் தம்பி, இது நீங்களா?"ன்னு ரெண்டு தடவை கேட்டாங்க. ஏழு வருஷமா ஒரே கம்பெனி, அவர் எழுதறது அவங்களுக்குத் தெரியாது.

கேட்டவருக்கு என் பதில்: 50 பிரதி போதும். டிஜிட்டல் பிரிண்ட்ல ஒரு பிரதிக்குச் செலவு கூட ஆகும், பரவாயில்லை. ரெண்டு ஞாயிறும் ஸ்டால்லயே உட்காருங்க. போனஸ்ல கை வைக்காதீங்க.