கூட்டத்தைச் செதுக்கும் லினோகட்

வெள்ளறடைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டுகிறவர்களுக்குக் கத்தியின் ஆழம் கைக்கணக்கு. பட்டையில் போதிய அளவு இறங்காவிட்டால் பால் வராது. கொஞ்சம் மிஞ்சினால் மரம் காயப்படும். லினோகட் என்னும் அச்சுக்கலையிலும் கை பழக வேண்டியது அந்த ஆழம்தான்.

இதில் வெட்டப்படும் லினோலியம் உண்மையில் தரைவிரிப்பு. 1860களில் இங்கிலாந்தின் பிரெடரிக் வால்டன், காற்றுப்பட்டுக் கெட்டியான ஆளிவிதை எண்ணெயில் கார்க் தூளைக் கலந்து, துணிமேல் படியவைத்து உருவாக்கினார். மரக்கட்டையைப்போல இதில் நாரோட்டம் கிடையாது. எந்தத் திசையிலும் உளி ஓடும். படத்தை இடவலம் மாற்றி வரைந்து, வெள்ளையாகத் தெரிய வேண்டிய இடங்களை வெட்டி எடுப்பார்கள். எஞ்சிய மேட்டில் உருளையால் மை பூசி, காகிதத்தை விரித்து, கரண்டியின் முதுகால் தேய்த்தாலே படம் விழுந்துவிடும். அச்சு இயந்திரம்கூட வேண்டாம்.

நகரத்துக் கூட்டத்தை இதில் கொண்டுவருவது கடினம். பென்சிலென்றால் பின்வரிசை ஆட்களை நிழலாகத் தீற்றிவிடலாம். ஒரே கருப்பு மையில் அடிக்கும் லினோகட்டில் சாம்பல் நிறத்துக்கு இடமில்லை. ஒரு தலையை அடுத்த தலையிலிருந்து பிரிக்க வெள்ளைக் கோடு ஒன்றாவது வெட்டியாக வேண்டும். வெட்டியதைத் திரும்ப ஒட்டவும் முடியாது. கூட்டத்திலுள்ள ஒவ்வொருவரையும் கலைஞர் தனித்தனியே பார்த்தே தீர வேண்டும் என்பதால், இந்தக் கலையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அப்படிப் பார்த்தவர் வங்காளத்துச் சித்தபிரசாத் (1915–1978). சாதிப் பெயரைத் துறந்தவர். 1943 பஞ்சத்தில் மேதினிப்பூர் மாவட்டத்தில் அலைந்து, கண்டதை வரைந்து, எழுதி நூலாக்கினார். பிரிட்டிஷ் அரசு அதன் பிரதிகளைப் பறிமுதல் செய்து எரித்தது. பின்னர் பம்பாயில் குடியேறித் தொழிலாளர்களையும், உழைத்துப் பிழைக்கும் தெருச் சிறுவர்களையும் லினோவில் செதுக்கினார். படங்கள் பணக்காரர் வீட்டுச் சேமிப்பாகிவிடக் கூடாதென்று, பிரதிகளுக்கு எண்ணிட்டு வரம்பு கட்டாமல் மலிவாகப் பரப்பினார். வரையப்பட்டவர்களின் கைக்கே படம் போய்ச்சேர வேண்டும் என்ற பிடிவாதம் அது.

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்து ஓவிய ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: காலை ரயிலுக்குக் காத்துநிற்கும் பாறசாலைக் கூட்டத்தை லினோவில் செதுக்க மாணவர்களிடம் சொல்லுங்கள். உளிக்கு முன்னால் மற்றக் கை வராமல் பார்த்துக்கொள்ளவும் முதலிலேயே சொல்லிக்கொடுங்கள்.