கரிசல் மண்ணிலிருந்து கடற்படைக்கு

விருதுநகர் மாவட்டத்தில் மல்லாங்கிணறு, திருச்சுழிப் பக்கம் கண்மாய் பெருகினால்தான் வெள்ளாமை. இந்த வானம் பார்த்த பூமியிலிருந்தும் கடற்படைக்குப் போகலாம்.

மாலுமியாகச் சேருபவருக்கு முதல் பயிற்சி ஒடிசாவில், சிலிகா ஏரிக்கரையிலுள்ள ஐ.என்.எஸ். சில்காவில். பிறகு கப்பல். லீடிங் சீமேன் ஆனதும் சட்டைக் கையில் நங்கூரச் சின்னம் ஏறும். அதற்கு மேல் பெட்டி ஆபீசர், சீஃப் பெட்டி ஆபீசர் என்று படிப்படியாக உயர்வு. பதினைந்து ஆண்டு பணி முடித்தால் ஓய்வூதியம் என்பது பழைய முறை. 2022 முதல் அக்னிவீரர் திட்டத்தில் முதலில் நான்கு ஆண்டுதான். அதில் 25 சதவீதம் பேர் வரை நிரந்தரப் பணிக்குத் தேர்வாகலாம்.

கடலில் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. 1971 இந்திய-பாகிஸ்தான் போரின்போது, டிசம்பர் 9 அன்று டியூ அருகே ஐ.என்.எஸ். குக்ரி மூழ்கியபோது 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் உயிரிழந்தார்கள். அந்தக் கப்பலின் கேப்டன் மகேந்திரநாத் முல்லாவின் பெயர் நாடறிந்தது. அந்த 176 பேரின் கதையைச் சொல்ல அவரவர் குடும்பம்தான் இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் கடற்படைக்காரர் இருந்தாரா? பணி விடுவிப்புச் சான்று, ஓய்வூதிய ஆணை, சீருடைப் படம் எதையும் பழைய காகிதத்தோடு போட்டுவிடாதீர்கள். பணி எண்ணைத் தனியே குறித்து வையுங்கள். ஓய்வூதியம், சலுகை பற்றிய சந்தேகங்களுக்கு விருதுநகரில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகுங்கள். பெரியவர் இருக்கும்போதே எந்தெந்தக் கப்பலில், எந்த ஆண்டு பணியாற்றினார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.