மாடி ஜன்னலில் கரிசலாங்கண்ணி

மழைக்காலம் தொடங்கிவிட்டால் மும்பையில் மண் கண்ட இடமெல்லாம் பச்சை பிடிக்கிறது. சாக்கடை ஓரம், தண்டவாள ஓரம், மதில் அடி என்று எங்கும் ஒரு சின்னஞ்சிறு வெள்ளைப் பூ தலை காட்டுகிறது. காய்கறிப் பையுடன் போகும் தமிழ்ப் பெண்மணி சட்டென்று நிற்கிறார். "அட, நம்ம ஊர்க் கரிசலாங்கண்ணி!" குனிந்து ஒரு கைப்பிடி பறிக்கத்தான் கை போகிறது.

அந்தக் கையைத் தடுக்கவே இந்தக் கட்டுரை.

செடியின் மேல் குற்றம் இல்லை. அது நிற்கும் இடத்தில்தான் குற்றம். சாக்கடை நீரில் கலந்துவரும் ஈயம், காட்மியம் போன்றவற்றைச் செடிகள் வேரால் உறிஞ்சி இலைக்கு ஏற்றிவிடக் கூடும். கழுவினால் மேலே உள்ள அழுக்கு போகும். உள்ளே ஏறியது போகாது. ஆகவே வீட்டிலேயே ஒரு தொட்டியில் வளர்ப்பதே நல்லது.

மாக்காவும் மக்காவும்

சூரியகாந்தி, சாமந்தி வகையறாவைச் சேர்ந்தது இச்செடி. ஆங்கிலத்தில் இதற்கு 'ஃபால்ஸ் டெய்சி' என்று பெயர். தமிழில் கையாந்தகரை என்றும் சொல்வார்கள். வள்ளலார் (1823-1874) உயர்வாகப் போற்றிய மூலிகை இது. மலையாளிகளுக்குக் கய்யோன்னி, இந்தியில் பிருங்கராஜ், மராட்டியில் 'மாக்கா'. கடையில் கேட்கும்போது நாக்கு கவனம்! 'மக்கா' என்று குறுக்கிச் சொன்னால் மக்காச்சோளம்தான் கைக்கு வரும்.

சாறே சாட்சி

வெள்ளைப் பூவெல்லாம் கரிசலாங்கண்ணி ஆகிவிடாது. 1950-களில் புனேயில் தென்பட்டுப் பிறகு நாடெங்கும் பரவிய பார்த்தீனியத்துக்கும் வெள்ளைப் பூதான். ஆனால் அதன் இலை கேரட் இலைபோல் பிளவுபட்டிருக்கும். தொட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும். வெட்டுக்காயப் பூண்டின் பூவோ நீண்ட காம்பின் நுனியில் தனியாக நிற்கும்.

கரிசலாங்கண்ணியின் இலைகள் காம்பின்றி எதிரெதிராக அமைந்திருக்கும். தடவினால் சொரசொரக்கும். ஓர் இலையைக் கசக்கி வைத்தால் சிறிது நேரத்தில் சாறு கறுத்துவிடும். இந்த அடையாளங்கள் எல்லாம் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

சாலை நடுத்திட்டுகளில் அழகுக்காக நடப்படும் மஞ்சள் பூக்கொடியைச் சிலர் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று எண்ணுகிறார்கள். இலை மூன்று மடலாக இருந்தால் அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த வேறு இனம். அதைச் சமைக்கக் கூடாது.

விதையைப் புதைக்காதீர்கள்

முற்றிய பூத்தலையை உள்ளங்கையில் தேய்த்தால் எள்ளைவிடச் சிறிய விதைகள் உதிரும். பலர் இவற்றை மண்ணுக்குள் புதைத்துவிட்டு, "முளைக்கவே இல்லையே" என்று அலுத்துக்கொள்கிறார்கள். இந்த விதைக்கு வெளிச்சம் வேண்டும், இருட்டில் முளைக்காது. எனவே ஈர மண்ணின் மேல் தூவி, லேசாக அழுத்திவிட்டால் போதும். தண்ணீரைக் கொட்டாமல் தெளிக்க வேண்டும். வெயில் காலமும் மழைக்காலமும் ஏற்றவை.

அடியில் ஓட்டை உள்ள ஓரடி அகலத் தொட்டி போதும். நல்ல மண்ணும் மக்கிய எருவும் கலந்து நிரப்பலாம். நாலைந்து மணி நேரம் வெயில் விழும் ஜன்னல் நல்லது. வயல் வரப்பில் வளர்ந்து பழகிய செடி ஆதலால் மண் காயவே கூடாது. ஆனால் தொட்டியின் கீழ்த்தட்டில் நீர் தேங்கினால் கொசு முட்டையிடும். அதை அவ்வப்போது கொட்டிவிட வேண்டும்.

பூக்கத் தொடங்கியதும் அடியில் நான்கு விரற்கடை விட்டு அறுக்கலாம், மறுபடி துளிர்க்கும். தண்டின் கணுக்களில் வேர் விடும் என்பதால் ஒரு துண்டை நட்டாலும் புதுச் செடி கிடைக்கும்.

ஒரு வார்த்தை

கீரையாகச் சமைக்கலாம், தேங்காய் எண்ணெயில் காய்ச்சித் தலைக்குத் தடவலாம். ஆனால் மஞ்சள் காமாலை என்று சந்தேகம் வந்தால், சாற்றைக் குடித்துவிட்டு வீட்டில் காத்திருக்கக் கூடாது. முதலில் ரத்தப் பரிசோதனை, டாக்டர். கீரை பிறகு.

முதல் அறுவடையில் ஒரு தண்டை அடுத்த வீட்டு மராட்டிய அம்மாளுக்கும் கொடுங்கள். "மாக்கா" என்று சொன்னால் போதும். எண்ணெய் காய்ச்சும் பக்குவம் அவருக்கும் தெரிந்திருக்கும்.