555 புத்தகமும் வெள்ளைக் கொடியும்

பினாங்கின் பத்து காவான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், எங்கே தொடங்கினாலும் பேச்சு ஓரிடத்தில் வந்து நிற்கும். “அன்னைக்குக் கஷ்டம்தான். ஆனா யார்கிட்டயும் போய் கையேந்தி நின்னதில்ல.” சொல்லும்போதே முதுகு நிமிரும். அந்த நிமிர்வை நான் மதிக்கிறேன். ஆனால் அதே மூச்சில் இன்னொன்றும் வரும். “இப்ப உள்ளவங்களுக்குக் கேக்கறதே பொழப்பாப் போச்சு.” எனக்கு வழக்கு இந்த இரண்டாவது பேச்சோடுதான். அன்று கேட்காமல் இருக்க முடிந்தது ஏன், இன்று முடியாமல் போனது ஏன் என்று பார்க்காமல் பேசுகிற பேச்சு அது.

பத்து காவான் முன்பு ஒரு தீவு. ஒரு பக்கம் கடல், மற்ற பக்கங்களில் ஆறுகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே கரும்பு விளைந்தது. முதலில் தியோச்சியூ சீனர்கள் பயிரிட்டார்கள், பிறகு வெள்ளைக்காரர்கள் பெரிய அளவில் இறங்கினார்கள். கரும்பு வெட்ட நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர்கள் தமிழர்கள். கப்பல் கட்டணமே கடன், அதைக் கழிக்க ஒப்பந்தம். ஒப்பந்தக் கூலிமுறை 1910-ல் ஒழிந்தது. கங்காணி முறை 1938-ல் இந்திய அரசு தடை போடும்வரை ஓடியது. கரும்பு போய் ரப்பரும் தென்னையும் வந்தன, அதன்பின் செம்பனை. பயிர்தான் மாறியது, தொழிலாளர் குடியிருந்த லயம் மாறவில்லை. அந்தத் தோட்டத்தின் பெயர் இன்று பங்குச் சந்தையிலும் இருக்கிறது. மலேசியாவின் மாபெரும் தோட்ட நிறுவனங்களில் ஒன்றான கே.எல்.கே.யின் பெரும்பங்கைக் கையில் வைத்திருக்கும் நிறுவனத்தின் பெயர் பத்து காவான் பெர்ஹாட்.

லயத்தில் ஏழ்மை இருந்தது, ஆனால் அதில் ஒளிவு மறைவு இல்லை. எல்லோருடைய பெயரும் ஒரே செக்ரோலில், அதாவது வருகை, சம்பளப் பதிவேட்டில். விடியுமுன் ஒரே பெரட்டுக்களத்தில் நின்று, ஒரே தண்டலிடம் வேலை வாங்கினார்கள். அடுத்த வீட்டுக்காரரின் சம்பளம் எவ்வளவு என்று கேட்கத் தேவையே இல்லை, நமக்கு எவ்வளவோ அவருக்கும் அவ்வளவு. 1930-களின் மந்தநிலையில் ஆண்களின் நாள்கூலி 50 காசிலிருந்து 40 காசாகவும், பெண்களுடையது 40-லிருந்து 32 ஆகவும் விழுந்தபோது எல்லா வீட்டு அடுப்பும் சேர்ந்தே தணிந்தது. எல்லோரும் ஒரே குழியில் இருக்கும்போது யார் யாரைப் பார்த்து வெட்கப்படுவது?

கையில் காசில்லாத நாட்களில் தோட்டத்து மக்களைத் தாங்கியவற்றில் முக்கியமானது ஒரு சின்னக் குறிப்பேடு. உள்ளங்கை அளவு, அட்டையில் 555 என்று எண். மலேசியாவில் மூன்று இனத்தாருக்கும் தெரிந்த கடன் புத்தகம் அது. சீனர் கடையில் அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய், பிள்ளைக்குப் பால் டின் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு “எழுதிக்குங்க டவ்கே” என்றால் போதும். சம்பள நாளன்று கணக்கு தீரும். முழுதாகத் தீராது, பாதி தீர்ந்து மீதி அடுத்த மாதத்துக்கு நகரும். கடைக்காரர் இதில் லாபம் பார்த்தார், விலையில் கொஞ்சம் ஏற்றித்தான் வைத்தார். ஆனாலும் அந்தப் புத்தகத்தில் ஒரு மரியாதை இருந்தது. வாங்குகிறவர் அங்கே வாடிக்கையாளர். யாரும் அவரிடம் வீட்டில் எத்தனை பேர், வருமானம் என்ன, ஆதாரம் எங்கே என்று கேட்கவில்லை. தருவார் என்ற நம்பிக்கைதான் பிணை.

புத்தகத்துக்கு வெளியேயும் பல வழிகள் இருந்தன. அவசரத்துக்குக் கைமாற்று கிடைத்தது. பெண்கள் கூட்டுக் கட்டி மாதம் ஒருவராகப் பணம் எடுத்தார்கள். கலியாணத்துக்கு மொய் எழுதினார்கள், சாவு வீட்டில் லயமே காசு சேர்த்தது. பிரசவித்த வீட்டுக்குப் பத்தியக் குழம்பு பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. மாரியம்மன் திருவிழாவில் கோயில் சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். இது எதற்கும் உதவி என்று பெயரில்லை. இன்று நான் கொடுத்தேன், நாளை நீ கொடுப்பாய். வாங்கியவர் கையும் ஒருநாள் மேலே வரும் என்பதால் யாருக்கும் தலை குனியவில்லை.

மேலே இருந்து வந்தவையும் உண்டு. லயத்து வீடு, ஆயாக் கொட்டகை, தோட்ட ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம். வாடகை கேட்டு யாரும் கதவைத் தட்டவில்லை. இவை துரையின் தயவில் வந்தவையாகச் சிலருக்கு இன்னும் நினைவு. உண்மையில் 1923-ன் தொழிலாளர் சட்டம் பெரும்பாலானவற்றை முதலாளியின் கடமையாக்கியிருந்தது. கேட்காமலேயே கிடைத்தவை எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், ‘யாரிடமும் கேட்டதில்லை’ என்ற பெருமையின் அடித்தளம் தெரியும். ஒரு முழு ஏற்பாடே அந்த ரோஷத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது.

அந்த ஏற்பாட்டைப் பொன்னாக்கிப் பாடவும் என்னால் முடியாது. வேலை போனால் வீடும் போகும் என்ற பயம்தான் அதன் மறுபக்கம். தோட்டக் கணக்கரான கிராணி முன்னால் சைக்கிளிலிருந்து இறங்கி நடக்க வேண்டிய காலம் இருந்தது. லயத்துக்குள் சாதி இருந்தது, எந்த வீட்டுத் தண்ணீரை யார் குடிப்பது என்ற கணக்கு கடலைத் தாண்டியும் வந்திருந்தது. கள்ளுக்கடையைத் தோட்ட நிர்வாகமே நடத்தவிட்டு, கூலியில் ஒரு பங்கு அங்கேயே திரும்பிப் போகும்படி பார்த்துக்கொண்டது. கொடுக்கும் கையும் அடக்கும் கையும் ஒன்றாக இருந்த உலகம் அது.

அதற்குள்ளிருந்தே ரோஷம் என்ன செய்ய முடியும் என்று காட்டிய நிகழ்ச்சி ஒன்று நடந்தது. விடுதலைக்குப் பின் வெள்ளைக்காரர்கள் பலர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கிளம்ப, தொழிலாளர்கள் தெருவுக்கு வரும் நிலை வந்தது. 1960-ல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய் அவர் கேட்டது மாதம் பத்து வெள்ளி. அன்றைய பால்வெட்டுத் தொழிலாளிக்குப் பத்து வெள்ளி என்றால் பல நாள் உழைப்பு. கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே, பத்து காவானிலிருந்து அதிகத் தொலைவில்லாத கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. நிவாரணம் கேட்டு நிற்க வேண்டியவர்கள் தோட்டத்துக்கே பங்குதாரர்கள் ஆனார்கள். ஏழைக்கு உதவுவது பற்றிப் பேசும் ஒவ்வொரு மேடையிலும் இதைச் சொல்ல வேண்டும் என்பேன். சம்பந்தன் அமைச்சர். நினைத்திருந்தால் மூட்டை மூட்டையாக அரிசி கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம்.

பத்து காவானின் மாற்றம் 1990-களில் தொடங்கியது. பினாங்கு வளர்ச்சிக் கழகம் தோட்ட நிலத்தை எடுத்துப் புதுநகரம் திட்டமிட்டது. 2000-ல் நாற்பதாயிரம் பேர் உட்காரும் மாநில விளையாட்டரங்கம் செம்பனைக்கு நடுவே எழுந்தது. 2014 மார்ச் 1-ல் பினாங்குத் தீவின் பத்து மாவுங்கிலிருந்து 24 கிலோமீட்டர் நீளத்துக்கு இரண்டாம் பாலம் வந்து இங்கே இறங்கியது. பிறகு எல்லாம் வேகம்தான். டிசைன் வில்லேஜ் பேரங்காடி வந்தது. 2017-ல் பாஸ்டன் சயின்டிஃபிக், 2019-ல் ஐக்கியா, 2021-ல் லாம் ரிசர்ச். இதய மருத்துவக் கருவியும் மின்னணுச் சில்லு செய்யும் இயந்திரமும் இப்போது பால் வெட்டிய மண்ணிலிருந்து உலகத்துக்குப் போகின்றன. தோட்டத் தமிழ்ப்பள்ளி மட்டும் தன் பெயரில் ‘லாடாங்’ (தோட்டம்) என்பதை விடாமல் வைத்திருக்கிறது.

லயத்துப் பிள்ளைகள் பலர் மேலே வந்துவிட்டார்கள். டெக்னீஷியன், எஞ்சினியர், தாதி, ஆசிரியர். அவர்கள் வீட்டு முற்றத்தில் இரண்டு கார் நிற்பதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் அதே ஆலைகளில் தரை துடைக்கவும் கழிப்பறை கழுவவும் குத்தகை நிறுவனத்தின் சீருடையில் போகிறவர்களிலும் தோட்டத்துப் பெண்கள் இருக்கிறார்கள். ஒரே லயத்தில் வளர்ந்த இரண்டு பேர் ஒரே கட்டடத்துக்குள் இரண்டு வாசல் வழியாகப் போகிறார்கள். இப்போது செக்ரோல் இல்லை. யாருக்கு என்ன சம்பளம் என்று யாருக்கும் தெரியாது.

இன்றைய ஏழ்மைக்குக் கதவு உண்டு, அது சாத்தியே கிடக்கும். அடுக்குமாடி வீட்டில் தொலைக்காட்சி இருக்கும், தவணையில் வாங்கிய மோட்டார் சைக்கிள் கீழே நிற்கும், பிள்ளை கையில் கைப்பேசி இருக்கும். உள்ளே மூன்று மாத வாடகை பாக்கி. 555 புத்தகத்தை ஹைப்பர் மார்க்கெட் காசாளரிடம் நீட்ட முடியாது. அதன் இடத்துக்கு விளக்குக் கம்பங்களில் ஒட்டியிருக்கும், சட்டவிரோத வட்டிக்காரரான ஆலோங்கின் தொலைபேசி எண் வந்திருக்கிறது. மானம் பார்க்கிறவர்தான் அந்த எண்ணை முதலில் அழைக்கிறார், ஏனென்றால் அங்கே யாருக்கும் தெரியாமல் பணம் கிடைக்கும். சிவப்புச் சாயத்தை வாசலில் ஊற்றிவிட்டுப் போகும்போதுதான் அக்கம்பக்கத்துக்கு விஷயம் தெரிகிறது.

உதவி இல்லாமல் இல்லை. சமூக நல இலாகா இருக்கிறது, ஏழைக் குடும்பங்களுக்கான இ-காசே பதிவு இருக்கிறது. 2012-ல் பிரிம் என்று 500 வெள்ளியில் தொடங்கிப் பெயர் மாறி மாறி இன்று ரஹ்மா உதவித்தொகையாக நிற்கும் பணம் இருக்கிறது. வங்கிக் கணக்குக்கு நேராக வருவதால் அந்தப் பணத்தில் யாருக்கும் கூச்சமில்லை. பிள்ளைகளின் படிப்புக்கு இந்து அறப்பணி வாரியம் கை கொடுக்கிறது. கூச்சம் தொடங்குவது மண்டபத்தில். தீபாவளிக்கு முன் ‘வசதி குறைந்தோருக்கு அன்பளிப்பு’ என்று பதாகை கட்டியிருக்கும். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி மேடைக்கு அழைப்பார்கள். அரிசி, எண்ணெய், பிஸ்கட் கொண்ட கூடையை ஒரு பக்கம் பிரமுகரும் மறுபக்கம் பாட்டியும் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்க்க வேண்டும். மறுநாள் படம் முகநூலில் வரும். ஐம்பது வெள்ளிச் சாமானுக்கு அந்தக் குடும்பத்தின் பெயரை விலையாக எடுத்துக்கொள்கிறோம். அந்த வீட்டுப் பிள்ளை பள்ளியில் அந்தப் படத்தைக் கைப்பேசியில் பார்க்கும். கணக்கு காட்ட வேண்டும், நன்கொடையாளருக்குச் சான்று வேண்டும் என்கிறார்கள். கூடைகளைப் படம் பிடியுங்கள், ரசீதைப் போடுங்கள். முகம் எதற்கு?

இந்த முகப் பிரச்சினையை நாடே ஒருமுறை கண்டது. 2021 ஜூன் மாதம் கொரோனாவால் முழு முடக்கம். நாள்கூலிக்காரர்கள் வீட்டில் அடைந்து கிடந்தார்கள். மாத இறுதியில் சமூக ஊடகங்களில் ஒரு யோசனை பரவியது. சாப்பாட்டுக்கு வழியில்லையா, வாசலில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டுங்கள். பேச வேண்டாம், கெஞ்ச வேண்டாம், காரணம் சொல்ல வேண்டாம். அடுக்குமாடி ஜன்னல்களில் தலையணை உறையும் பழைய டி-சட்டையும் தொங்கின. பார்த்தவர்கள் இனம் பார்க்காமல் அரிசியும் முட்டையும் கொண்டுபோய் வைத்தார்கள். அரசியல்வாதிகள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. சிலர் அதைப் பிரசாரம் என்றார்கள், கொடி தூக்குவதைவிட இறைவனிடம் கை தூக்குங்கள் என்றும் ஒரு குரல் வந்தது. என் கண்ணுக்கு அந்தத் துணி சரணாகதியாகத் தெரியவில்லை. வாய்விட்டுக் கேட்க முடியாத ரோஷக்காரர்களுக்கு இந்த நாட்டில் அதுவரை யாரும் கொடுக்காத வசதி அது.

கொடுக்கும் விதம் சரியாக இருந்தால் யாருக்கும் வெட்கம் வருவதில்லை என்பதற்குப் பினாங்கில் ஆண்டுதோறும் சாட்சி உண்டு. தைப்பூசத்தில் தண்ணீர்மலை போகும் வழியெங்கும் தண்ணீர்ப்பந்தல்கள். பென்ஸ் காரில் வந்தவரும் பஸ்ஸில் வந்தவரும் ஒரே வரிசையில் நின்று சாதம் வாங்குகிறார்கள். உன் வருமானம் என்ன என்று எந்தப் பந்தலும் கேட்பதில்லை. தமிழ்நாட்டில் 1956-ல் காமராஜர் பள்ளியில் மதிய உணவை விரித்ததிலிருந்து, 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் வரை வந்துள்ள பாடமும் அதுதான். இன்று அங்கே அரசுத் தொடக்கப்பள்ளியில் எல்லாப் பிள்ளைக்கும் காலைத் தட்டு. யார் ஏழை என்று பிரித்து உட்கார வைப்பதில்லை. நம் பள்ளிகளில் கூடுதல் உணவுத் திட்டத்துக்குப் பெயர் எழுதிக் கூப்பிடும்போது எழுந்து போகாமல் பசியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையை எந்தத் தமிழாசிரியருக்கும் தெரியும்.

எந்தத் திட்டத்துக்குள்ளும் வராதவர்களும் உண்டு. வாழ்நாளெல்லாம் தோட்டத்தில் உழைத்தும் குடியுரிமை கிடைக்காமல் கையில் சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கும் முதியவர்களைச் சொல்கிறேன். குடிமக்களுக்கான உதவிகளில் பெரும்பாலானவை அவர்களுக்கு இல்லை. இவர்களிடம் போய்த் தன்மானத்தைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது. இப்போது செம்பனையில் குலை வெட்டும் இந்தோனேசியரையும் ஆலைகளில் உழைக்கும் நேப்பாளியையும் வங்காளதேசியையும் நம்மவர்களே இளப்பமாகப் பேசுவதைக் கேட்டாலும் வலிக்கிறது. கடனோடு கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

‘இப்ப உள்ளவங்க சோம்பேறி’ என்கிறவர்களுக்காக ஒரு கணக்கு. மலேசியாவின் வறுமைக் கோடு பல ஆண்டுகள் ஒரு குடும்பத்துக்கு மாதம் 980 வெள்ளியாக இருந்தது. அதை 2020-ல் 2,208 ஆக உயர்த்தினார்கள், 2022-ல் அது 2,589 ஆனது. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி, கழிந்தால் கைக்கு வருவது 1,500 சொச்சம். கணவன் இல்லாமல், குத்தகை நிறுவனத்தின் கீழ் ஆலையில் துப்புரவு வேலை செய்து இரண்டு மூன்று பிள்ளைகளை வளர்க்கும் ஒரு பெண், மாதத்தில் ஒருநாள்கூட மட்டம் போடாமல் உழைத்தாலும் அரசின் கணக்கிலேயே ஏழைதான். அவளுக்குத் தீபாவளிக் கூடை கொடுப்பவர்கள் கொடுக்கட்டும். ஆனால் நிலத்தை ஆலைகளுக்கு வழங்கும் வளர்ச்சிக் கழகம், புதிய நிறுவனத்தோடு உட்கார்ந்து பேசும்போது, அந்த வளாகத்தின் துப்புரவு, காவல் வேலைகளை யார் தருவார்கள், என்ன சம்பளத்துக்குத் தருவார்கள் என்ற கேள்வியையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். தோட்டத் தொழிலாளிக்கு வீடும் ஆஸ்பத்திரியும் தருவது முதலாளியின் கடமை என்று நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலனி அரசாலேயே எழுத முடிந்தது.