பீம்டைம்: கையில ரெண்டே நாள்

பிரான்ஸின் கிரெனோபிள்ல இருக்கிற ஈஎஸ்ஆர்எஃப் மையத்துல, 844 மீட்டர் சுற்றளவுள்ள வளையத்துல ஓடுற எலக்ட்ரான்கள்தான் எக்ஸ்-கதிரைத் தருது. உலகமே விண்ணப்பிக்கிற இடம். நிபுணர் குழு தேர்ந்தெடுத்தாதான் நேரம் கிடைக்கும். அதைத்தான் பீம்டைம்னு சொல்றோம். ஒரு ஷிஃப்ட் 8 மணி நேரம். ஆறு ஷிஃப்ட் கிடைச்சா, ராத்திரியும் பகலுமா ரெண்டே நாள்.

அதனால நான் சொல்றது இதுதான்: இருபது சாம்பிள் எடுத்துட்டுப் போனாலும், எந்த மூணு இல்லைன்னா ஆய்வே இல்லைன்னு கிளம்புறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணுங்க. அங்க போனதும், விடை ஏற்கெனவே தெரிஞ்ச ஒரு பொருளை அளந்து கருவியைச் சரிபாருங்க. அடுத்து அந்த மூணு. கதிரே சாம்பிளைச் சிதைக்கலாம்; அதே இடத்தை இன்னொரு தடவை அளந்து ஒப்பிடுங்க. டேட்டாவை அங்கேயே வரைஞ்சு பாருங்க. ஊருக்கு வந்து குறை தெரிஞ்சா, மறுபடி விண்ணப்பம், மறுபடி பல மாசக் காத்திருப்பு.