பையில் 56 சினிமா, சிக்னல் பூஜ்யம்! தெரியுமா?

துறையூரிலிருந்து சோபனபுரம் தாண்டிப் பச்சமலை ஏறிப் பாருங்கள். வளைவுக்கு வளைவு செல்போன் சிக்னல் ஒவ்வொரு கோடாகக் கழன்றுகொண்டே வரும். யூடியூப் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். பக்கத்து சீட்டில் டேப்லெட்டை மடியில் வைத்திருக்கும் பொடியன் மட்டும் எதற்கும் அசராமல் படம் பார்த்துக்கொண்டு வருவான். அவனுக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது படம்? 15 மில்லிமீட்டர் நீளம், 11 மில்லிமீட்டர் அகலம், ஒரு கிராம் எடைகூட இல்லாத ஒரு மெமரி கார்டிலிருந்து!

அந்தத் துணுக்கு கார்டுக்குள் எவ்வளவு சினிமா அடங்கும் தெரியுமா? இரண்டரை மணி நேரப் படத்தை நொடிக்கு 2 மெகாபிட் என்ற கணக்கில் சுருக்கினால் 2.25 ஜிபி. 128 ஜிபி கார்டில் அப்படி 56 படங்கள்! இப்போது பழைய ரீல் கணக்குக்கு வாருங்கள். 35 எம்.எம். பிலிமில் ஓர் அடிக்கு 16 கட்டம், நொடிக்கு 24 கட்டம் ஓடும், ஆக நிமிடத்துக்கு 90 அடி. இரண்டரை மணி நேரப் படம் 13,500 அடி, அதாவது நான்கு கிலோமீட்டருக்கும் மேல். 56 படத்தின் ரீலையும் பிரித்து நீட்டினால் 230 கிலோமீட்டர்! துறையூரில் ஒரு முனையைக் கட்டிவிட்டுத் திருச்சிக்குப் போய், திரும்பி, மறுபடி போய், மறுபடி திரும்பி, மூன்றாவது தடவையும் திருச்சி போய்ச் சேரலாம். அத்தனையும் சட்டைப் பையில்!

படத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போவது ஏதோ நேற்று முளைத்த சமாச்சாரம் என்று நினைக்கிறீர்களா? நம்ம திருச்சியிலேயே அதற்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது, தெரியுமா! 1905. தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளர் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் சாமிக்கண்ணு வின்சென்ட், கோயம்புத்தூர்க்காரர், அப்போது இருபத்திரண்டு வயது வாலிபர். சலனப்படம் காட்டிக்கொண்டு ஊர் சுற்றி வந்த டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் திருச்சிக்கு வந்த இடத்தில் உடம்பு முடியாமல் ஊர் திரும்பத் தயாராகிறார். அவரிடமிருந்து புரொஜக்டரையும் இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் படத்தையும் விலைக்கு வாங்கிவிடுகிறார் வின்சென்ட். ரயில்வே வேலைக்கு முழுக்கு! திருச்சியில் டென்ட் அடித்துப் படம் காட்டியவர், மூட்டை கட்டிக்கொண்டு லாகூர், பெஷாவர் வரைக்கும் போய்க் காட்டிவிட்டு வந்தார். பிற்பாடு கோவையில் அவர் கட்டிய வெரைட்டி ஹால் தமிழ்நாட்டின் முதல் நிரந்தரத் தியேட்டர்களில் ஒன்று. இன்டர்நெட் இல்லாமல் படம் பார்க்கிறோம் என்று பெருமைப்படுகிறோமே, அந்த மனிதர் போன ஊர் பலவற்றில் கரண்ட்டே கிடையாது!

சரி, 2.25 ஜிபி என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டோம். சுருக்காமல் அப்படியே வைத்தால் ஒரு படம் எவ்வளவு இடம் பிடிக்கும் தெரியுமா? ஃபுல் எச்டி என்றால் ஒரு கட்டத்தில் 20,73,600 புள்ளிகள். புள்ளிக்கு மூன்று பைட். நொடிக்கு 24 கட்டம். இரண்டரை மணி நேரத்துக்கு 9,000 நொடி. பெருக்கிப் பாருங்கள், சுமார் 1,344 ஜிபி! ஒரே ஒரு படத்துக்குப் பத்தரை கார்டு! அதை 2.25 ஜிபியில் அடக்குகிறார்கள் என்றால் அறுநூறில் ஒரு பங்கு. மீதி 599 பங்கு எங்கே போனது?

இங்கேதான் மூன்று பெயர்கள் வருகின்றன. 1974 ஜனவரியில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியானது. எழுதியவர்கள் நசீர் அகமது, டி. நடராஜன், கே.ஆர். ராவ். நசீர் அகமது பெங்களூரில் பிறந்தவர். நடராஜன் அவருடைய மாணவர். ராவ் நம்ம கிண்டி இன்ஜினியரிங் காலேஜில் படித்தவர்! படத்தைச் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டு. ஒவ்வொரு சதுரத்தின் ஒளியையும் அலைகளாகப் பிரி. கண்ணுக்குப் பிடிபடாத நுணுக்க அலைகளைத் தூக்கிப் போடு. ரத்தினச் சுருக்கமாக அவர்கள் சொன்ன வழி இதுதான். போட்டோ அனுப்புகிறோமே அந்த ஜேபெக், விசிடி, டிவிடி, இன்றைக்கு டேப்லெட்டில் ஓடும் படம், எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இந்தக் கணக்கு. இதற்காக நசீர் அகமது அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டாராம். கிடைக்கவில்லை! யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறதே என்பது அதைப் பரிசீலித்தவர்களில் ஒருவரின் அபிப்பிராயம். நசீர் அகமதுவே பிற்பாடு இதை எழுதி வைத்திருக்கிறார்.

அது பாதிக் கதைதான். மீதிப் பாதி இன்னும் தந்திரம். ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் முன்னால் கதாநாயகன் நின்று பேசுகிறான் என்று வையுங்கள். 236 அடிக் கோபுரம், பதின்மூன்று நிலை, எத்தனை ஆயிரம் சுதை! அத்தனையையும் நொடிக்கு 24 தடவை எழுத வேண்டுமா? வேண்டவே வேண்டாம். கோபுரத்தை ஒரு தடவை எழுதிவிட்டு, அடுத்தடுத்த கட்டங்களில் அசைகிற உதட்டை மட்டும் எழுதினால் போதும்! அதனால்தான் பேச்சுக் காட்சி கண்ணாடி மாதிரி தெரியும், மழைப் பாட்டு வந்தால் சதுரம் சதுரமாக உடையும். மழையில் ஒவ்வொரு புள்ளியும் மாறுகிறதே, மிச்சம் பிடிக்க வழியேது? விரலால் ஓட்டித் தள்ளும்போது நாம் விட்ட இடத்தில் நிற்காமல் படம் கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ குதிப்பதும் இதனால்தான். முழுசாக எழுதப்பட்ட கட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே போய்த்தான் நிற்கும். பாட்டுக்கு ஓட்டிப் போய்ப் பாட்டின் இரண்டாம் அடியில் விழுந்த அனுபவம் இல்லாதவர் யார்!

சுருக்கும் முறைகளில் 2003-இல் வந்தது எச்.264. 2013-இல் வந்தது எச்.265. அதே தரத்துக்குச் சுமார் பாதி இடம் போதும். அப்படியானால் எல்லாவற்றையும் 265-இல் ஏற்றிவிடலாமே என்று பாயாதீர்கள். பழைய டேப்லெட்டின் சிப்புக்கு 265-ஐப் பிரிக்கும் வசதி இருக்காது. படம் திக்கும், முதுகு சுடும், சார்ஜ் கரையும். பழசு என்றால் 264 போதும். திரையில் எண்ணூறு வரிதான் என்றால் 1080 வரிப் படத்தை ஏற்றுவதும் வெட்டிச் செலவு, 720 தாராளம்.

கார்டில் நூறு ஜிபி காலியாக இருக்கும். 5 ஜிபிப் படத்தை ஏற்றினால் மட்டும் ‘இடம் கொள்ளாது’ என்று அடம்பிடிக்கும்! ஏன் தெரியுமா? கார்டு ஃபேட்32 முறையில் இருக்கிறது. அந்த முறையில் ஒரு கோப்பின் அளவை எழுத 32 பிட் இடம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295 பைட்டைத் தாண்டி ஒரே ஒரு பைட்கூட ஏறாது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் சரியாகிவிடும். மாற்றும்போது கார்டில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், முதலில் வேறு எங்காவது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 128 ஜிபி கார்டைக் கம்ப்யூட்டரில் செருகினால் 119 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை! கார்டு செய்தவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 1,024 ஆக எண்ணுகிறது. ஆனால் ஒரு டெராபைட் கார்டு முந்நூறு ரூபாய் என்றால் அது நிஜமாகவே ஏமாற்றுத்தான். ஓரளவுக்கு மேல் ஏற்றினால் பழசின் மேலேயே புதுசை எழுதும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் இந்தக் குட்டை உடைத்துவிடும்.

படம் ஓடுகிறது, சத்தம் மட்டும் வரவில்லையா? டேப்லெட் பாவம், அதைத் திட்டாதீர்கள். பெரும்பாலும் ஒலி டால்பியின் ஏசி3, இஏசி3 வடிவத்தில் இருக்கும், அதைப் பிரிக்கும் வசதி சில பிளேயர்களில் இல்லை. விஎல்சி என்ற இலவச பிளேயரைப் போடுங்கள், பேசும். இந்த விஎல்சி எப்படிப் பிறந்தது தெரியுமா? பாரிஸ் அருகே ஓர் இன்ஜினியரிங் காலேஜ். ஹாஸ்டல் மாணவர்களுக்கு நெட்வொர்க் வேகம் போதவில்லை, விளையாட முடியவில்லை! விளையாடுவதற்கு என்று கேட்டால் யார் காசு கொடுப்பார்? சாட்டிலைட் டிவியை நெட்வொர்க்கில் ஓட்டிக் காட்டுகிறோம் என்று ஒரு திட்டம் போட்டார்கள். 1996-இல் தொடங்கியது, 2001 பிப்ரவரி 1 முதல் உலகத்துக்கே இலவசம். அதன் சின்னமான ஆரஞ்சுக் கூம்பு, மாணவர்கள் ரோட்டிலிருந்து தூக்கி வந்து சேர்த்து வைத்திருந்த போக்குவரத்துக் கூம்பு!

இப்போது கொஞ்சம் கசப்பான ஆச்சரியம். ஓடிடி ஆப்பில் ‘டவுன்லோடு’ அழுத்துகிறோமே, அந்தப் படம் நம்முடையதா? இல்லவே இல்லை! யூடியூப் 2014 டிசம்பரில் இந்தியாவுக்கு ஆஃப்லைன் வசதியைக் கொண்டு வந்தபோது ஆயுள் 48 மணி நேரம். நெட்ஃபிளிக்ஸ் 2016 நவம்பர் 30-இல்தான் இறக்கவே விட்டது, அங்கேயும் சில படங்கள் பார்க்கத் தொடங்கிய 48 மணி நேரத்தில் காலாவதி. கோப்பு உங்கள் டேப்லெட்டில், சாவி அவர்கள் கையில். எச்டிக்குக் காசு கட்டியும் படம் மங்கலாகத் தெரிகிறதா? வைட்வைன் என்ற பூட்டில் எல்1, எல்3 என்று தரம் உண்டு. விலை குறைந்த டேப்லெட் பலவும் எல்3. அதற்குப் பெரும்பாலான ஆப்கள் எச்டி தராது. வாங்குவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது, கேட்பவர்தான் குறைவு.

சாவி விவகாரம் நமக்கு மட்டும் என்று வருந்த வேண்டாம், தியேட்டர்காரருக்கும் இதே கதை! ஒரு காலத்தில் ‘பெட்டி வந்தாச்சா?’ என்பதுதான் கொட்டகை வாசலில் கேள்வி. பஸ்ஸிலும் ரயிலிலும் தகரப் பெட்டி வந்து இறங்கினால்தான் காட்சி. இன்றைக்கு வருவது ஹார்டு டிஸ்க், அல்லது சாட்டிலைட் வழியாக இறங்கும் கோப்பு. சென்னையின் க்யூப் நிறுவனம் இந்த வேலையில் முன்னோடி. சர்வதேசத் தரத்தில் செய்த தியேட்டர் கோப்பில் மேலே சொன்ன கோபுரத் தந்திரம் கிடையாது, ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாகத்தான் எழுதுவார்கள். நொடிக்கு 250 மெகாபிட் வரை போகலாம், இரண்டரை மணி நேரப் படம் 280 ஜிபியைத் தொடலாம். அதைத் திறக்க இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று நேரம் குறித்த ஒரு சாவி தனியாக வரும். தேதி தாண்டினால் திரை இருட்டு!

பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் புதுப்படத்தை ‘ஏத்திக்கிட்டு’ வருகிறேன் என்பவருக்கு ஒரு வார்த்தை. 2023-இல் திருத்திய ஒளிப்பதிவுச் சட்டப்படி திருட்டுப் பதிவு செய்பவருக்கு மூன்று மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, அபராதம் மூன்று லட்சத்தில் தொடங்குகிறது. எவனோ தியேட்டரில் ஒளிந்திருந்து எடுத்த, நடுவில் ஒரு தலை எழுந்து போகிற பிரிண்டுக்கா காசு?

காசும் வேண்டாம், குற்றமும் வேண்டாம் என்றால் வழி இருக்கிறது. இந்தியாவில் ஒரு திரைப்படத்தின் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். 1944 தீபாவளிக்கு வந்து மூன்று தீபாவளி பார்த்த ‘ஹரிதாஸ்’, 2004-உடன் அந்தக் கணக்கிலிருந்து விடுபட்டுவிட்டது! அதில் பாடி நடித்த, திருச்சியில் வளர்ந்த எம்.கே. தியாகராஜ பாகவதரைத் துறையூர் பஸ்ஸில் கேட்டுக்கொண்டு போகலாம். எஸ்.எஸ். வாசனின் ‘சந்திரலேகா’, 1948, அதுவும் அப்படியே. பாட்டு எழுதியவரின் உரிமை மட்டும் தனிக் கணக்கு, அவர் ஆயுளுக்குப் பிறகு 60 வருடம். வீட்டில் பார்க்கிறவருக்கு அதனால் தொல்லை இல்லை, மறுபடி வெளியிட நினைப்பவர்தான் வக்கீலைப் பார்க்க வேண்டும்.

அதைவிட, பெரிசுகளின் டேப்லெட்டில் அதிகம் ஓடும் படம் எது என்று நினைக்கிறீர்கள்? கல்யாண வீடியோ! ஸ்டூடியோக்காரர் பென்டிரைவில் கொடுப்பது இருபது, முப்பது ஜிபி இருக்கும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு இராத்திரி ஓடவிட்டால் காலையில் நான்கைந்து ஜிபியாக இளைத்து நிற்கும். புலிவலத்துப் பெரியம்மா தாலி கட்டும் இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கட்டும். ஓடிஜி கேபிள் இருந்தால் பென்டிரைவை டேப்லெட்டிலேயே செருகிவிடலாம். ஐபேடில் கார்டு போடும் இடம் கிடையாது, ஆனால் 2019-இல் வந்த ஐபேட்ஓஎஸ் 13 முதல் பென்டிரைவைப் படிக்கும்.

வசன வரிகள் தனிக் கோப்பாக இருந்தால் படத்துக்கும் அதற்கும் ஒரே பெயர் வையுங்கள், யூடிஎஃப்-8 முறையில் சேமியுங்கள், தமிழ் எழுத்துக்குப் பதில் கேள்விக்குறிகள் வராது. ‘க’ என்ற ஓர் எழுத்துக்கு அதில் மூன்று பைட், ‘கு’வுக்கு ஆறு! ஆனாலும் படம் முழுவதன் வசனமும் அரை எம்பியைத் தாண்டுவது அபூர்வம்.

கிளம்புவதற்கு முந்தின இராத்திரியே டேப்லெட்டை பிளைட் மோடில் போட்டு, ஏற்றிய ஒவ்வொரு படத்தையும் நடுவில் ஓர் இடத்தில் தட்டிப் பாருங்கள். படம் வருகிறதா, சத்தம் வருகிறதா, ஆப் சாவி கேட்கிறதா என்று தெரிந்துவிடும். பஸ்ஸில் ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள், பக்கத்து சீட்டுக்காரர் தூங்கட்டும்.