டச்சு விலைப்பட்டியலும் ஒயின் அறிந்த மொழிபெயர்ப்பாளரும்

நெதர்லாந்தின் லிம்பர்க் மாகாணத்திலும், பெல்ஜியத்தில் டச்சு பேசும் பிளாண்டர்ஸ் பகுதியிலும் ஒயின் உற்பத்தியாகிறது. இந்தச் சரக்கு ஆங்கிலம் பேசும் நாடுகளின் கடைகளுக்குப் போக வேண்டுமானால் விலைப்பட்டியல், லேபிள், ருசிக்குறிப்பு எல்லாம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். அதற்குத் தகுந்த ஆளைத் தேடும் விதத்தை இங்கே பார்ப்போம்.

டச்சும் ஆங்கிலமும் அறிந்தவர்கள் அங்கே ஏராளம். ஒயின் சரக்கும் அறிந்தவர்தான் அரிது. டச்சில் 'வட்' என்றால் பீப்பாய். அதே எழுத்துகளில் ஆங்கிலத்தில் எழுதினால் பெரிய தொட்டி என்றாகிவிடும். ஓக் பீப்பாயில் பதமான ஒயினுக்குக் கூடுதல் விலை உண்டு. தொட்டிச் சரக்கென்று எழுதிவிட்டு அந்த விலையைக் கேட்டால் யார் கொடுப்பார்?

இனிப்பைக் குறிக்கும் சொல் இன்னும் வம்பு. நுரைக்கும் ஒயினில் 'புரூட்' என்பது லிட்டருக்கு 12 கிராமுக்கும் குறைவாகச் சர்க்கரை உள்ளது. டச்சுக்காரர் அதைப் பேச்சுவழக்கில் 'ட்ரோக்', அதாவது இனிப்பில்லாதது என்று எழுதியிருப்பார். விஷயம் தெரியாதவர் அதை 'டிரை' என்று மாற்றிவிடுவார். ஆனால் ஐரோப்பிய யூனியன் விதிப்படி நுரைக்கும் ஒயினில் 'டிரை' என்பது 17 முதல் 32 கிராம் வரை சர்க்கரை கொண்ட ரகம்! பட்டியல் ஒன்று சொல்ல, புட்டி வேறொன்று சொல்லும். சரக்கு திரும்பி வந்தால் வண்டிச்சத்தம் யார் தலையில்?

நெதர்லாந்து மொழிபெயர்ப்பாளர் சங்கமான என்.ஜி.டி.வி.யும், 1986ல் பிரிட்டனில் தொடங்கிய ஐ.டி.ஐ. நிறுவனமும் உறுப்பினர் பட்டியல் வைத்திருக்கின்றன. அங்கே தேடலாம். சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர்களுக்கு நெதர்லாந்தில் 2009 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி அரசுப் பதிவேடும் உண்டு. அது கோர்ட்டு, பத்திரம் போன்ற காரியங்களுக்கு. ருசிக்குறிப்புக்கு அந்த முத்திரை தேவையில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரே நல்லது என்பது நம் கருத்து. அவர் 1969ல் லண்டனில் தொடங்கிய டபிள்யூ.எஸ்.இ.டி. நடத்தும் ஒயின் பரீட்சையில் தேறியவராக இருந்தால் இன்னும் சிறப்பு.

சான்றிதழை மட்டும் பார்த்து வேலையைக் கொடுத்துவிடக் கூடாது. அரிசி மூட்டையில் மாதிரி பார்ப்பதுபோல, பழைய பட்டியலில் ஒரு பக்கத்தைக் கூலி கொடுத்து மொழிபெயர்க்கச் சொல்ல வேண்டும். 'வட்' என்ற சொல்லைக் கண்டதும் "இது மரமா, எஃகா?" என்று திருப்பிக் கேட்பவரை விட்டுவிடாதீர்கள். அச்சுக்குப் போகுமுன் லேபிள் புரூப்பையும் அவரிடமே காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும்.